நான்கு பவுண்டுக் கூரை

1906-ஆம் ஆண்டின் கடைசியில் மான்செஸ்டர் நகரின் குவீன்ஸ் ஹோட்டலில் ஒரு விசித்திரமான ஏலம் நடந்தது. மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் 17 வீரர்கள் இனி அந்தக் கிளப்புக்கு ஆடவே கூடாது என்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டிருந்தது. அவர்களைத் தூக்கிப்போக மற்ற கிளப்காரர்கள் அந்த ஹோட்டலில் வந்து மொய்த்தார்கள். வீரர்கள் செய்த குற்றம், வாரத்துக்கு நான்கு பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கியது.

மெஸ்ஸியும் எம்பாப்பேயும் வாங்கும் தொகையைப் படித்துவிட்டு, ‘இதற்கெல்லாம் ஒரு வரம்பு வேண்டாமா?’ என்று கேட்காதவர் இருக்க முடியாது. அந்த வரம்பு ஏற்கெனவே இருந்தது. அறுபது ஆண்டுகள் இருந்து, உடைந்து, கடல் தாண்டிப்போய், வேறு உருவத்தில் திரும்பியும் வந்திருக்கிறது.

அதன் முதல் வடிவங்களில் ஒன்று அமெரிக்க பேஸ்பாலில் தென்படுகிறது. 1889-இல் ஜான் பிரஷ் என்ற கிளப் முதலாளி, வீரர்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து ஆண்டுக்கு 1,500 டாலர் முதல் 2,500 டாலர் வரை சம்பளம் நிர்ணயிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆட்டத்தோடு நடத்தைக்கும் சேர்த்தே மதிப்பெண் போட்டார்கள். வீரர்கள் கொதித்துப்போனார்கள். சட்டம் படித்த வீரரான ஜான் மான்ட்கோமரி வார்டின் தலைமையில் 1890-இல் தங்களுக்கென்று தனி லீக்கே தொடங்கிவிட்டார்கள். அது ஒரே பருவத்தில் படுத்துவிட்டது வேறு விஷயம்.

இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுவது 1885 வரை சட்டப்படி தவறு. அனுமதி கிடைத்த மூன்றாவது ஆண்டிலேயே, பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரிகர் 12 கிளப்புகளைச் சேர்த்து லீக்கைத் தொடங்கினார். பெரிய ஊர்க் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப்போட்டுவிடும் என்று சின்ன ஊர்க் கிளப்புகள் பயந்தன. அந்தப் பயத்துக்கு மருந்தாக 1901-இல் வந்ததுதான் வாரம் நான்கு பவுண்டு என்ற கூரை. அன்றைய தேர்ந்த தொழிலாளி ஒருவரின் கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. கேவலமான தொகை இல்லை. ஆனால் கிளப்பின் சம்மதமில்லாமல் வீரர் வேறு கிளப்புக்கு மாறவும் முடியாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது பேரம் பேச வீரரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

பேரம் மேசைக்கு அடியில் நடந்தது. சிட்டியின் நட்சத்திரம் பில்லி மெரிடித், வாயில் பல்குச்சியை மென்றுகொண்டே ஆடும் வேல்ஸ்காரர். எதிரணி வீரருக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்ததாக 1905-இல் அவருக்குத் தடை விழுந்தது. தடைக்காலத்தில் கிளப் சம்பளம் தர மறுத்தது. ஆத்திரத்தில் அவர் வாயைத் திறக்க, கணக்கில் வராத சம்பளக் கதைகள் கொட்டின. அதன் முடிவுதான் குவீன்ஸ் ஹோட்டல் காட்சி. மெரிடித், டர்ன்புல், பர்கெஸ், பேனிஸ்டர் ஆகிய நால்வரும் போய்ச் சேர்ந்த இடம் அதே ஊரின் மான்செஸ்டர் யுனைடெட். 1908-இல் யுனைடெட் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. சமத்துவத்துக்காகப் போட்ட விதி, பக்கத்து வீட்டுக்கு ஒரு சாம்பியன் அணியைச் சேர்த்துக் கொடுத்தது. மெரிடித் அதோடு நிற்கவில்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் வீரர்களுக்கென ஒரு சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

ஆஸ்திரேலியாவும் இதைச் செய்து பார்த்தது. மெல்போர்ன் நகரின் கால்பந்து லீக் (அவர்களுடைய கால்பந்து வேறு மாதிரி) 1930-இல் ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுண்டுதான் என்று வரம்பு கட்டியது. பொருளாதாரப் பெருமந்தக் காலம், ஊரெல்லாம் வேலையில்லை. சவுத் மெல்போர்ன் கிளப்பின் தலைவர் ஆர்ச்சி குரோஃப்ட்ஸுக்கு வரிசையாக மளிகைக்கடைகள் இருந்தன. வெளி மாநில வீரர்களுக்கு அவர் கூடுதல் சம்பளம் தரவில்லை. கடையில் வேலை போட்டுக் கொடுத்தார். 1933-இல் கோப்பை அவர்களுக்கு. நம் ஊரில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலமெல்லாம் பினாமி பெயருக்குப் போனதே, அதே வழிதான்.

இங்கிலாந்துக் கூரையில் பெரிய ஓட்டை போட்டது கொலம்பியா. தன் நாட்டுச் சம்மேளனத்தோடு சண்டை போட்ட கொலம்பிய லீக் ஃபிஃபாவின் கட்டுப்பாட்டிலிருந்து விலகியிருந்ததால், யாருக்கும் மாற்றுக் கட்டணம் தராமலே உலகின் வீரர்களை வாரிக்கொண்டது. அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோ 1949-இல் பொகோட்டா போனார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து அணியின் தூணான நீல் ஃபிராங்க்ளின், பிரேசில் உலகக் கோப்பையை விட்டுவிட்டு அங்கே விமானம் ஏறினார். சில மாதங்களில் மனம் கசந்து திரும்பியவருக்குத் தடைதான் காத்திருந்தது. நாட்டுக்காக அவர் அதன்பின் ஆடவே இல்லை.

கூரை விழுந்தது 1961 ஜனவரியில். அப்போது உச்ச சம்பளம் வாரம் 20 பவுண்டு. மெரிடித் காலத்துச் சங்கத்தின் வழிவந்த அமைப்புக்கு இப்போது ஜிம்மி ஹில் தலைவர். வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்பு லீக் இறங்கி வந்தது. சில மாதங்களில் ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கும் வீரரானார். நம் நில உச்சவரம்புச் சட்டமும் அதே 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

கூரை இருந்த காலத்தில் ஆட்டம் நியாயமாக இருந்ததா? சுமார் எண்பதாயிரம் பேர் வாழ்ந்த பர்ன்லி 1960-இல் சாம்பியன்; அதற்கு முன் போர்ட்ஸ்மத் இரண்டு முறை. இதைச் சொல்லி உருகுகிறவர்கள் உண்டு. ஆனால் கூரை போன மறுபருவத்திலேயே சாம்பியன் ஆனது, முதல் டிவிஷனுக்கு அப்போதுதான் வந்திருந்த இப்ஸ்விச். 1972-இல் டெர்பி, 1978-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். சின்ன ஊர்களைக் காப்பாற்றியது நான்கு பவுண்டு அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வெளியூர் அணிக்கும் போகும் ஏற்பாடு லீக்கில் நெடுங்காலம் இருந்தது. 1983-இல் அதை நிறுத்தினார்கள். 1992-இல் மேல்தட்டுக் கிளப்புகள் பிரீமியர் லீக் என்று தனிக்குடித்தனமே போய்விட்டன. இடைவெளி அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கானது.

வசூல் பங்கீட்டை இங்கிலாந்து நிறுத்திய அதே 1983-இல், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. உச்சவரம்புக்குப் புது உயிர் கொடுத்தது. அணிகள் பல திவாலாகும் நிலை. முதலாளிகள் வரம்பு கேட்டார்கள். வீரர் சங்கம் பதிலுக்கு வருமானத்தில் 53 சதவீதம் வீரர்களுக்கு என்று உறுதி கேட்டு வாங்கியது. 1984-85 பருவத்தில் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். மெரிடித் காலத்தில் வரம்பு மேலிருந்து விழுந்த கட்டளை. இங்கே அது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். மேலும், அங்கே எந்த அணியும் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதில்லை, தொலைக்காட்சிப் பணத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள், தோற்ற அணிக்குப் புது வீரர் தேர்வில் முன்னுரிமை. உச்சவரம்பு அந்த இயந்திரத்தின் ஒரு சக்கரம் மட்டுமே.

அந்தச் சக்கரம் 2008-இல் ஐ.பி.எல். வழியாகச் சேப்பாக்கத்துக்கும் வந்தது. முதல் ஏலத்தில் ஓர் அணிக்கு 50 லட்சம் டாலர் வரம்பு. அதில் 15 லட்சத்தை சென்னை தோனி ஒருவருக்கே கொடுத்தது. கோப்பையை வென்றதோ, இருப்பதிலேயே மலிவாக விலைபோன ராஜஸ்தான். 2012 ஏலத்தில் இன்னொரு வேடிக்கை. ஜடேஜாவுக்குச் சென்னையும் டெக்கானும் தங்கள் கையிருப்பின் எல்லையான 20 லட்சம் டாலர் வரை போய்விட்டன. அதற்கு மேல் கேட்க விதி இடம் தரவில்லை. எனவே இரு அணிகளும் தொகையை எழுதி ரகசியமாகக் கொடுத்தன, சென்னை வென்றது. அந்தக் கூடுதல் தொகை கிரிக்கெட் வாரியத்துக்கு. ஜடேஜாவுக்கு அதில் ஒரு டாலர்கூட இல்லை. வரம்பு கட்டினால் மிச்சமாகும் பணம் யார் பைக்குப் போகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கக் கால்பந்து லீக் தன் வரம்பில் 2007-இல் தானே ஒரு வாசல் வைத்தது. ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அன்று கணக்கில் 4 லட்சம் டாலர் மட்டும் ஏறியது. வந்தவர் டேவிட் பெக்கம். பிற்காலத்தில் 2.5 கோடி டாலருக்கு ஒரு புது அணியை வாங்கும் உரிமையும் அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படிப் பிறந்ததே இன்டர் மயாமி.

இதற்கிடையே ஐரோப்பா வேறு வகை வரம்பைத் தேர்ந்தது. பிளாட்டினி தலைமையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ 2009-இல் ஒப்புதல் தந்த விதியின் சாரம், வருமானத்துக்குள் செலவு செய் என்பது. கேட்கக் குடும்பஸ்தன் சொல்வது போல நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வருமானம் கொழிப்பவருக்கு எல்லை உயரம். புதிதாக ஏற நினைப்பவருக்குத் தலை இடிக்கும். ஸ்பெயின் லீக் ஒவ்வொரு கிளப்புக்கும் தனித்தனி வரம்பு வைத்தது. 2021-இல் மெஸ்ஸி சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள இசைந்தும் பார்சிலோனாவால் அவரைப் பதிவுசெய்ய முடியவில்லை. கண்ணீரோடு பாரிஸ் போனார். 2023-இல், வரம்புள்ள லீக்கின் அதே விலக்கு வாசல் வழியாக, பெக்கமின் மயாமிக்கு!

இங்கிலாந்தில், ஒரு கிளப் இவ்வளவுதான் நஷ்டப்படலாம் என்ற வரம்பை மீறிய எவர்டனுக்கு 2023-இல் 10 புள்ளிகள் பறிபோய், மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. செல்சியோ தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றுக் கணக்கை நேராக்கியது. லீக் அதை ஏற்றது. ஆர்ச்சி குரோஃப்ட்ஸ் இருந்தால் ரசித்திருப்பார். கீழ் இரண்டு டிவிஷன்கள் 2020-இல் 25 லட்சம், 15 லட்சம் பவுண்டு என்று கறாரான வரம்பு போட்டன. வீரர்களோடு முறைப்படி பேசாமல் போட்டதால் வீரர் சங்கம் வழக்காடி, 2021 பிப்ரவரியில் அதை உடைத்தது. ஜிம்மி ஹில்லின் வெற்றிக்குச் சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, அதே சங்கம்.

2025 நவம்பரில் பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகள் வாக்களித்தன. மேசையில் இருந்த யோசனைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, அணிச் செலவு அவரவர் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்றது, கடைசி இடத்துக் கிளப் தொலைக்காட்சியாலும் பரிசாலும் பெறும் தொகையின் ஐந்து மடங்குதான் யாருக்கும் உச்சம். எல்லோர் தலைக்கும் ஒரே உயரத்தில் கூரை போட்டது இரண்டாவதுதான். வீரர் சங்கம் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்திருந்தது, கிளப்புகள் பெரும்பாலும் எதிர்த்தன, அது தோற்றது. வருமானத்துக்கு ஏற்ற கூரை ஜெயித்து, 2026-27 பருவத்திலிருந்து நடைமுறை என்று முடிவாயிற்று.