பூட்டிய தொலைபேசி: வெளி அழைப்புக் கட்டுப்பாட்டின் கதை

எடப்பாடி போன்ற நெசவு ஊர்களில் ஒரு காலத்தில் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, இணைப்பு கிடைக்க வருடக்கணக்கில் காத்திருப்பது. மற்றொன்று, கிடைத்த பின் யாராவது வெளியூருக்குப் பேசி பில்லை ஏற்றிவிடுவது!

தொடக்கத்தில் இரண்டாவது கவலைக்கு அதிக இடமில்லை. வெளியூர் பேச 'ட்ரங்க் கால்' பதிவு செய்து ஆபரேட்டருக்காகக் காத்திருக்க வேண்டும். 1960-ல் கான்பூர்–லக்னோ இடையே எஸ்.டி.டி. வசதி வந்தது. பிறகு அது நாடெங்கும் பரவியது. முதலில் பூஜ்யத்தைச் சுழற்றினால் வெளியூர். ஆபரேட்டர் போனார், அவரோடு காவலும் போனது.

சுழல் தொலைபேசியின் எண் துளையில் மக்கள் சிறு பூட்டை மாட்டினார்கள். அதையும் ஏமாற்ற முடிந்தது. ஏனென்றால் எக்சேஞ்ச் எண்ணுவது, மின்சுற்று எத்தனை முறை துண்டிக்கப்படுகிறது என்பதை மட்டுமே. ரிசீவர் வைக்கும் கொக்கியைச் சரியான வேகத்தில் தட்டினாலே எண் போய்ச் சேரும். மின்னணு எக்சேஞ்சுகள் வந்த பிறகு பூட்டு அங்கேயே இடம் மாறியது. ரகசிய எண்ணே சாவியானது.

அலுவலகங்களில் இ.பி.ஏ.பி.எக்ஸ். வந்தது. உள் அழைப்பு, உள்ளூர், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தகுதி. ஆனால் அந்தத் தகுதி பெரும்பாலும் மேசைக்குத்தான், மனிதருக்கு அல்ல. மேலாளர் வீட்டுக்குப் போனபின் அவர் மேசையில் யாரும் பேசலாம்.

இணையத் தொலைபேசி இதை மாற்றியது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய 'ஆஸ்டரிஸ்க்' மென்பொருளில் ஒவ்வொரு பயனரும் தம் பெயர், கடவுச்சொல்லோடு நுழைகிறார். அவருக்குரிய விதித்தொகுப்பில் இல்லாத எண்ணை அவரால் அழைக்கவே முடியாது. ஆனால் அடையாளம் தெரியாதவர்களுக்கான தொகுப்பில் வெளி இணைப்பைச் சேர்த்துவிட்டால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்த நிறுவனத்தின் செலவில் பேசலாம்.

அரசும் ஒரு பூட்டு வைத்திருந்தது. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தபோது, கணினியிலிருந்து உள்நாட்டுச் சாதாரண தொலைபேசிக்குப் பேச அனுமதி தரப்படவில்லை.

பணத்தைக் காக்கத்தான் இத்தனை பூட்டுகளும். ஆனால் எண் வட்டைப் பூட்டிய வீட்டில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், சாவியைத் தேட வேண்டியிருந்தது. இன்று விதி எழுதுபவர் 108-ஐயும் 112-ஐயும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகே மற்றவற்றைப் பூட்ட வேண்டும்.