முதியோரில் மிகைக் கொலஸ்ட்ரோல்: புத்தளம் கரையோரம்

குருதியில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடி, நாடிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்து, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிவிடும் நிலை இது. வலியோ காய்ச்சலோ இராது. குருதிப் பரிசோதனையில்தான் தெரியவரும். எல்டிஎல் பொதுவாக டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு கண்டவருக்கு 70க்கும் கீழே கொண்டுவர வைத்தியர்கள் முயல்வர். அளவு கூடியிருந்தால் தைரொய்ட் குறைபாடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுமையில் அது பலருக்குக் கவனிக்கப்படாமலே போகிறது.

வென்னப்புவையிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி வரை நீளும் புத்தளம் கரையோரம் தென்னை நிலம். குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்த்துத் 'தென்னை முக்கோணம்' என்பர். தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் இம்மாவட்டத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே உணவுப் பேச்சு தேங்காயில்தான் தொடங்கும். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஈரல் குருதியிலிருந்து எல்டிஎல்லை அகற்றும் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. 2020இல் வெளியான தொகுப்பாய்வொன்று, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுவதாகக் கண்டது. அதற்காக வயதானவரின் தட்டிலிருந்து தேங்காயை அடியோடு பறிக்க வேண்டியதில்லை. முதற்பாலை விட்டு இரண்டாம் பாலில் சொதி வைக்கலாம், பொரியலை அவித்த கறியாக மாற்றலாம், குரக்கன், பருப்பு, கீரையைக் கூட்டலாம். பட்டினி மட்டும் ஆகாது. முதுமையில் உடல் மெலிந்தால் தசையும் கரையும்.

மீன் நல்லது. ஆனால் சாளையின் ஒமேகா-3, டிரைகிளிசரைட் என்ற வேறொரு குருதிக் கொழுப்பைத்தான் குறைக்கும், எல்டிஎல்லை அல்ல. கருவாட்டின் உப்பு பிரஷரை ஏற்றும்.

மருந்தில் முதன்மையானது ஸ்டாட்டின். 70 முதல் 82 வயது வரையான 5,804 பேரிடம் நடந்து 2002இல் வெளியான புரொஸ்பர் ஆய்வில், பிரவாஸ்டட்டின் என்ற ஸ்டாட்டினை எடுத்தோரிடையே இதய நாடி நோயால் நேரும் மரணம் 24 வீதம் குறைந்தது. மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவருக்கு 75 வயதுக்குப் பின்னும் இதன் பயன் தெளிவு. நோயேதும் வராத 75 கடந்தவருக்குச் சான்று குறைவு. அங்கே வைத்தியர் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

பெரிய இடர் வேறொன்று. "ரிப்போர்ட் நல்லா வந்திட்டுது, இனிக் குளிசை வேணாம்" என்று நிறுத்திவிடுவது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு பழையபடி ஏறும்; ரிப்போர்ட்டை நல்லதாக்கியதே அந்தக் குளிசைதான். நோன்பு காலத்திலும் நிறுத்தத் தேவையில்லை: அட்டோவாஸ்டட்டின் என்ற ஸ்டாட்டினை நோன்பு திறந்த பின்னோ ஸஹரிலோ எடுக்கலாம். தசைநோ கடுமையாகி, சிறுநீர் கறுத்தால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி சில ஸ்டாட்டின்களோடு ஒத்துப்போகாது. எங்கே மருந்தெடுக்கப் போனாலும் கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும்.

நெஞ்சு நோ, முகம் கோணல், கை சோர்தல், பேச்சுக் குழறல் கண்டால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.