சாவி யார் கையில்?
டெல்டாவின் பள்ளி நூலகங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நான் படித்த பள்ளிக்கூடத்தில் நூலகம் இருந்தது. "நூலகம் உண்டா, இல்லையா" என்று மேலே இருந்து படிவம் வந்தால் "உண்டு" என்றுதான் எழுத வேண்டும். அப்படித்தான் எழுதியும் அனுப்பினார்கள். தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் பச்சைப் பெயிண்ட் அடித்த இரண்டு இரும்பு பீரோ. கதவில் பூட்டு. சாவி ஒரு வாத்தியாரின் அரைஞாணில்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற பூமி. நஞ்சை எல்லாம் அவர்களுக்கு, நடவும் அறுப்பும் எங்களுக்கு. அப்பா பண்ணையாள். அப்பாயி நடவாள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒரு பள்ளியைக் குற்றவாளியாக்கிவிட்டு மற்றதெல்லாம் யோக்கியம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

1974-ல் நான் ஏழாவது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு பீரோ திறக்கும். ஒருநாள் நானும் வரிசையில் போய் நின்றேன். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கெதுக்குடா இது? தொலைச்சேன்னா ஒங்கப்பனா வந்து கட்டுவான்?" என்றார். அடிக்கவில்லை. சாதிப் பேரைச் சொல்லித் திட்டவுமில்லை. அதனால் இதைத் தீண்டாமை என்று சொல்ல எனக்கே ரொம்ப வருஷம் பிடித்தது.

எனக்குப் பக்கத்தில் நின்ற குடியானத்தெருப் பையன், "எனக்குக் குடுங்க சார்" என்று ஒரு கப்பல் பயணக் கதையை வாங்கினான். ஆற்றங்கரையில் வைத்து என்னிடம் நீட்டினான். "படிச்சுட்டுத் திங்கக்கெழமை குடுத்துடு. யாருகிட்டயும் சொல்லாத." அந்த வருஷம் முழுக்க அவன் பேரில் நான் படித்தேன். ஐப்பசி மழையில் எங்கள் கூரை ஒழுகி ஒரு புத்தகம் ஊறிப்போனது. தொலைத்துவிட்டதாகச் சொல்லி அவன் அடி வாங்கினான். அவன் அப்பா பணம் கட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அந்தப் பதிவேட்டை ஓர் ஆய்வாளர் இன்று எடுத்துப் பார்த்தால் என்ன எழுதுவார்? குடியானத்தெரு மாணவர்களுக்கு வாசிப்பு ஆர்வம் இருந்தது, சேரி மாணவர்களுக்கு அறவே இல்லை என்று எழுதுவார். ஆதாரமும் கையில் இருக்கும். ஆவணம் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும். அதை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வேண்டியதைச் சொல்லும்.

பிற்காலத்தில் ரிச்சர்ட் ரைட்டைப் படித்தபோது திடுக்கிட்டுப் போனேன். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம். கறுப்பர்களுக்கு நூலகத்தில் புத்தகம் கிடையாது. கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரரின் அட்டையை வாங்கிக்கொண்டு, அவருக்காக எடுத்துப் போவதுபோல ஒரு சீட்டும் தானே எழுதிக்கொண்டு போய்ப் புத்தகம் வாங்கியிருக்கிறார். 1945-ல் வந்த தன்வரலாற்றில் அதை எழுதியிருக்கிறார். மெம்பிஸ் எங்கே, குடமுருட்டி எங்கே? ஆனாலும் அந்தச் சீட்டு எனக்குத் தெரிந்த சீட்டு.

2

தஞ்சாவூர் என்றாலே நூலகப் பெருமை பேசுவார்கள். சரசுவதி மகால் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் தொடங்கி, சரபோஜி காலத்தில் வளர்ந்து, 1918-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. இந்திய நூலகவியலின் தந்தை என்கிற எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்கிற பொறியாளர் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் விட்டார். நல்ல காரியம்தான். மறுக்கவில்லை.

ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்னால் என்ன நடந்தது? 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எங்கள் சனம் போய்வரலாம் என்று சொல்வதற்கே சட்டமன்றம் தேவைப்பட்டது. ரோட்டில் நடப்பதே பிரச்சினையாக இருந்த காலத்தில் ரோட்டில் புத்தகம் வந்தால் யாருக்கு வந்த மாதிரி? 'ஒவ்வொரு வாசகருக்கும்' என்பது அருமையான விதி. வாசகர் என்று யாரை ஒத்துக்கொள்வது என்பதற்கு மட்டும் விதி எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

நாங்கள் புத்தகமே அறியாத சனம் என்பதும் சரியில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914-ல் தாம் மறையும் வரை 'தமிழன்' வார இதழை நடத்தினார். தம் பாட்டனார் கந்தப்பன், வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீசிடம் சேர்த்த வரலாற்றைப் பண்டிதர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த சுவடி அச்சுக்குப் போனது. பிறகு பீரோவுக்குள் போனது. எங்களுக்குத் திரும்பி வரத்தான் வழியில்லாமல் போய்விட்டது.

3

பள்ளிக்கூடம் என்று ஒரே வார்த்தையாகப் பேசுகிறோம். இங்கே இரண்டு தடம் இருந்தது. ஒன்று கல்வித் துறையின் பள்ளிகளும், அதன் மானியத்தில் நடந்த தனியார் பள்ளிகளும். இன்னொன்று 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையரின் துறை எங்களுக்கென்று தொடங்கிய பள்ளிகள். லேபர் ஸ்கூல் என்பார்கள். அதுதான் பிறகு அரிஜன நலப் பள்ளி ஆகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆனது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஊர்ப் பள்ளியில் சேர்க்காதபோது எழுத்தறிவித்த பள்ளிகள் இவை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் படிப்பு ஒரு துறை, எங்கள் படிப்பு வேறொரு துறை என்றானதும் புத்தகமும் இரண்டு வழியில் வர வேண்டியதாயிற்று. எங்கள் வழி நீளம். 2023 பட்ஜெட்டில் இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். அதை வரவேற்றவர்களும் எங்களில் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. கையில் இருக்கிற கட்டடமும் நிலமும் போய்விடுமோ என்ற பயம் வெறும் பயமில்லை.

இன்னொரு காரணம் கொடை. திருக்காட்டுப்பள்ளியில் சர் சிவசாமி ஐயர் பெயரில் பள்ளி இருக்கிறது. 1864-ல் பழமார்நேரியில் பிறந்து சென்னையில் அட்வகேட் ஜெனரலாக உயர்ந்தவர், சொந்த மண்ணின் பள்ளிக்குக் கொடுத்தார். நான் அங்கே படித்தவனில்லை. சொல்ல வந்தது இதுதான்: ஒரு தெருவில் அட்வகேட் ஜெனரல் பிறந்தால் அந்த ஊர்ப் பள்ளிக்கு நூலகம் வரும். எங்கள் தெருவில் யார் பிறந்தார்கள்? பிறந்தவர்களை என்னவாக விட்டார்கள்?

காமராசர் காலத்தில் 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நெ.து. சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். நாற்காலி, கடிகாரம், பீரோ, புத்தகம் என்று ஊர்மக்கள் கொண்டுவந்து குவித்தார்கள். தமிழ்நாட்டுக் கல்வியில் அது பெரிய சங்கதி. காமராசர் போட்ட சோறு இல்லையென்றால் நான் பள்ளிக்கே போயிருக்க மாட்டேன். ஆனாலும் கணக்கு கணக்குத்தான். கொடுக்க வசதியுள்ள ஊரில் பீரோ நிரம்பியது. அரைப்படி நெல் கூலிக்கு அடி வாங்கிய சேரி எதைக் கொடுக்கும்? 1952-ல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. 1968 டிசம்பர் 25-ல் கூலி கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். அந்த மண்ணில் போய்ப் புரவலர் தேட முடியுமா?

அப்பாவின் முதல் நூலகம் சங்கத்துக் கொட்டகை. ராத்திரியில் ஒருத்தர் அரிக்கேன் வெளிச்சத்தில் 'ஜனசக்தி' படிப்பாராம். இருபது பேர் கேட்பார்களாம். "நமக்கு எழுத்து தெரியாது. ஆனா செய்தி தெரியும்டா" என்று அப்பா சொல்லும். எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்தக் கொட்டகை இல்லை.

4

வேறு பகுதிகளையும் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் 1945-ல் பி.என். பணிக்கர் முயற்சியில் கிரந்தசாலை சங்கம் 47 நூலகங்களோடு தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. அங்கே வாசிப்பு கூடுதல் என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். பாராட்டுகிறவர்கள் அய்யன்காளியை மறந்துவிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்யவைத்தவர் அவர். பஞ்சமி என்கிற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். அந்தப் பள்ளியையே எரித்தார்கள். நூலகம் வருவதற்கு முன்னால் வகுப்பறைக் கதவை ஒருத்தர் உடைத்துத் திறந்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் 1930 வாக்கில் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று வந்தபோது, அங்கேயும் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் தமிழர்கள். 1981-ல் யாழ் நூலகம் எரிந்தது. எரித்தவர்கள் சிங்களப் பேரினவாதிகள். 97 ஆயிரம் நூல்கள் போயின. இரண்டாவது தீ எல்லாருக்கும் தெரியும். முதல் தீயை எத்தனை பேர் பேசுகிறோம்?

அமெரிக்காவில் 1905-ல் லூயிவில் நகரத்தில் கறுப்பர்களுக்கென்று ஒரு கிளை நூலகம் திறந்தார்கள். தனியாக வைத்தது அநியாயம். ஆனால் அதை நடத்தியவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ என்கிற கறுப்பர். ஊழியர்களும் கறுப்பர்களே. 1961 மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் டூகலூ கல்லூரியைச் சேர்ந்த ஒன்பது கறுப்பு மாணவர்கள், வெள்ளையர் மட்டும் போகும் நூலகத்தில் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அங்கே கதவில் போர்டு மாட்டியிருந்தது. அதனால் எதிர்த்துப் போராட முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் போர்டு இல்லை. பூட்டு மட்டும்தான்.

5

சட்டங்கள் குறைவில்லை. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகும். மாடி வீடு நிறைந்த நகரத்தில் வரி கொட்டும். புறம்போக்குக் குடிசைக்கு ஏது வரி? அது போக, அந்தச் சட்டம் பொது நூலகத்துக்குத்தான். பள்ளி நூலகம் அதில் வராது.

1987-ல் கரும்பலகைத் திட்டம் வந்தது. தொடக்கப் பள்ளிக்குக் கட்டாயம் வேண்டியவற்றில் புத்தகத்தையும் சேர்த்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, செய்தித்தாள், பத்திரிகை, கதைப் புத்தகம் உட்பட ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷாவில் பள்ளிக்கு ஏற்றபடி ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம். 5,000 ரூபாய்க்கு எத்தனை புத்தகம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2006-ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்றார்கள். கட்டவும் கட்டினார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் நான் சைக்கிளில் சுற்றிப் பார்த்தவை பெரும்பாலும் ஊர்த்தெருவில் கோயில் பக்கம் இருந்தன. பல பூட்டிக் கிடந்தன. "எப்ப தெறப்பாங்க?" என்று கேட்டால், "அது எதுக்கு இப்ப?" என்றார் ஒரு பெரியவர். ஊர்த்தெருப் பிள்ளைக்கும் அது பூட்டுத்தான். ஆனால் எங்கள் பிள்ளைக்கு அந்தக் கட்டடம் வரை நடப்பதே ஒரு காரியம்.

ஆகவே எந்தப் பகுதியின் பள்ளி நூலகம் உசத்தி என்று கேட்டால், புத்தகத்தை எண்ணாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். சாவி யார் கையில்? பதிவேட்டில் யார் பெயர்? தொலைந்தால் யார் பணம் கட்ட வேண்டும்? பீரோவுக்குள் யாருடைய வாழ்க்கை இருக்கிறது?

நான்காவது கேள்வி முக்கியம். 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு' எத்தனை பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் கையெட்டும் உயரத்தில் இருக்கிறது? 'பஞ்சமர்' எழுதிய கே. டானியல் யாழ்ப்பாணத்துக்காரர். 1986-ல் தஞ்சாவூரில்தான் கண்ணை மூடினார். இங்கேதான் அடக்கம். உடலுக்கு இடம் கொடுத்த தஞ்சாவூர் மண், அவர் புத்தகத்துக்கு ஒரு விரற்கடை இடம் கொடுத்திருக்கிறதா? பாபாசாகேப் அம்பேத்கர் மும்பையில் ராஜகிருகம் கட்டியதே புத்தகங்களுக்காக. அவர் படம் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. அவர் எழுத்து இன்னும் தெருவுக்குள் முழுசாக வரவில்லை.

6

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சி பேத்தி அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். வகுப்பில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பூட்டு இல்லை. ஒன்றை உருவிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "யாருகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்த?" என்றேன்.

என்னை விநோதமாகப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கணும் தாத்தா?"

பதில் வரவில்லை எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து, "பேரு எழுதிட்டு வந்தியா?" என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றாள்.

மறுநாள் அவளோடு பள்ளிக்கூடம் போனேன். டீச்சரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். "எடுக்கிற புள்ளைங்க பேரை அதுங்களே எழுதட்டும் டீச்சர், தொலைஞ்சா கேக்குறதுக்கு இல்ல, படிச்சதுக்கு" என்றேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது. முதல் வரியில் பேத்தி தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். வரி தாண்டிப் போனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.