வட்டிக்கு வட்டி போடும் தூண்கள்

பி.காம் படிக்கிறவனுக்குத் தூணும் பூகம்பமும் எதற்கு என்று கேட்பீர்கள். திமிரியில் எங்கள் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பப் போகிறோம் நண்பர்களே. கீழ்த்தளச் சுவர்களை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விடலாம் என்பது அப்பாவின் யோசனை. கேட்டதும் எனக்கு அகமதாபாத்தான் ஞாபகம் வந்தது.

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8.46. கட்ச் பகுதியில் 7.7 அளவு நிலநடுக்கம். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல ஒரே ரகம்: கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே சுவர் வைத்த வீடுகள். மேல்மாடிகள் பெட்டி போல விறைப்பாக நிற்க, அசைவு முழுவதும் கீழ்த்தூண்கள் தலையில் விழுந்தது.

இங்கேதான் எடை விளையாடுகிறது. கட்டிடம் நேராக நிற்கும்வரை எடை தூண் வழியே தரைக்கு இறங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தால் அதே எடை இன்னும் சாய்க்கும், அந்தச் சாய்வு மேலும் சாய்க்கும். நம்ம பாடத்தில் வரும் கூட்டுவட்டியேதான்! முதல் விலகல் 10 மில்லிமீட்டர், 'வட்டி' பத்தில் ஒரு பங்கு என்றால் 10, 1, 0.1 என்று கூடி 11.1-ல் நிற்கும். பாதி என்றால் 20. முழுப் பங்கு என்றால் கணக்குக்கு முடிவே இல்லை, கட்டிடம் தரையில். பொறியாளர்கள் இதை பி-டெல்டா என்கிறார்கள். எடை மட்டுமே ஒல்லியான தூணை வளைத்துவிடும் என்று ஆய்லர் 1744-லேயே கணக்குப் போட்டுவிட்டார்.

எடை ஆடும் நேரத்தையும் மாற்றும். மேசை ஓரத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, நுனியில் ரப்பரை ஒட்டி ஆட்டிப் பாருங்கள், மெதுவாக ஆடும். எடை 4 மடங்கானால் நேரம் 2 மடங்கு. பி-டெல்டா விறைப்பைக் குறைப்பதால் நேரம் இன்னும் நீளும்.

ஆனால் நம் விதி நூல் ஐ.எஸ். 1893-ஐப் பார்த்தால் (1893 என்பது வெறும் எண், முதல் பதிப்பு 1962!) நேரத்துக்கான எளிய சூத்திரத்தில் எடையே கிடையாது. 1984 பதிப்பில் வெறும் சட்டகத்துக்கு மாடி எண்ணிக்கையை 0.1 ஆல் பெருக்கினால் போதும், 5 மாடிக்கு 0.5 விநாடி. 2002-ல் உயரத்தை வைத்துச் சூத்திரம். 15 மீட்டருக்கு சுமார் 0.57. காரணம் உண்டு. நேரம் நீண்டால் விசை குறைவாகத் தெரியும். சுவர்களை விட்டுவிட்டுக் கணினியில் நீளமான நேரம் காட்டி, கம்பியை மிச்சம் பிடிக்க இந்தச் சூத்திரம் விடாது. நீண்ட நேரம் எப்போதும் பத்திரமும் அல்ல. 1985-ல் மெக்சிகோ நகரின் பழைய ஏரி மண் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஆடி, நடுத்தர உயரக் கட்டிடங்களைத்தான் அதிகம் சாய்த்தது.

தீபகற்ப இந்தியா அசையாது என்ற நம்பிக்கையை 1967 கொய்னா பூகம்பமே ஆட்டிவிட்டது. குஜராத்துக்குப் பின் வந்த 2002 பதிப்பில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. திறந்த கீழ்த்தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கும் விதியும் அதில் வந்தது. ஒரு மாடியின் விலகல் உயரத்தில் 0.004 பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 3 மீட்டர் மாடிக்கு வெறும் 12 மில்லிமீட்டர்.

மொட்டைமாடியில் 2000 லிட்டர் டேங்க் வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. தண்ணீர் மட்டுமே 2 டன். அப்பா இன்னும் சுவர் பேச்சை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறேன்.