‘ஸ்டேட்’ என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் எளியனவாகத் தோன்றும் சொற்களே மொழிபெயர்ப்போரைப் பெரிதும் சோதிப்பவை. ‘ஸ்டேட்’ என்பது அத்தகையது. நோயாளியின் உடல்நிலையும் ஸ்டேட். நீர் உறைந்தும் உருகியும் ஆவியாகியும் நிற்கும் நிலையும் ஸ்டேட். கருத்தை எடுத்துரைத்தலும் ஸ்டேட். நம்மை ஆளும் அரசும், அதன் உறுப்பாகிய மாநிலமும் அச்சொல்லாலேயே வழங்கப் பெறுகின்றன.

‘நிற்றல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையடியாகப் பிறந்தது ‘ஸ்டாட்டஸ்’. நம் மொழியில் ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’ பிறந்தாற்போன்றதே இது. மன்னனது நிலையைச் சுட்டிய சொல் நாளடைவில் அவனது ஆட்சியையும் சுட்டலாயிற்று. மாக்கியவெல்லி 1513-இல் எழுதிய ‘இளவரசன்’ என்னும் நூலில், இதன் இத்தாலிய வடிவம் ஆட்சியைக் குறித்துப் பலகாலும் வருகின்றது. 1776-இல் விடுதலையை அறிவித்த அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் தம்மை ‘ஸ்டேட்’ என்றே அழைத்துக்கொண்டன.

இந்தியாவில் இச்சொல்லின் கதை வேறு. ஆங்கிலேயர் நேரே ஆண்ட பகுதிகள் மாகாணங்கள் எனப்பட்டன. மைசூர், ஹைதராபாத், புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களே அன்று ‘ஸ்டேட்’. 1947 ஜூலையில் சர்தார் படேலின் பொறுப்பில் அமைந்த ‘ஸ்டேட்ஸ்’ இலாகாவும் சமஸ்தானங்களின் அலுவலுக்கென ஏற்பட்டதேயாகும். 1950 ஜனவரி 26 முதல் மாகாணங்களும் பழைய சமஸ்தானப் பகுதிகளும் அப்பெயரின்கீழ் ஒன்றாயின. மன்னர்க்குரியதாயிருந்த சொல் மக்களாட்சியின் உறுப்புக்கு உரியதாயிற்று. 1956 நவம்பர் 1-இல் 14 மாநிலங்கள் புதுவதாக வகுக்கப் பெற்றன. தமிழில் முதலில் ‘ராஜ்யம்’ என்றும், பின்னர் ‘மாநிலம்’ என்றும் எழுதினோம். பழஞ்செய்யுளில் பரந்த நிலவுலகைக் குறித்த சொல்லே மாநிலம் என்பது.

அரசியல் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இச்சொல் ஒரே வாக்கியத்தில் இரு பொருளில் வருகின்றது. அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை, ‘ஸ்டேட்’ என்பது மத்திய அரசையும், பாராளுமன்றத்தையும், ஒவ்வொரு ‘ஸ்டேட்’டின் அரசையும், சட்டமன்றத்தையும், நகராட்சி போன்ற அமைப்புகளையும் உள்ளடக்கும் என்கிறது அப்பிரிவு. முன்னதை அரசு என்றும் பின்னதை மாநிலம் என்றும் பிரித்தறிந்தாலன்றிப் பொருள் விளங்காது.

இப்பாகுபாடு பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்குப் பெரிதும் வேண்டுவது. பிறந்த இடத்தை மட்டும் காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே வேறுபாடு காட்டலாகாது என்று ‘ஸ்டேட்’டைத் தடுக்கிறது 15-ஆவது பிரிவு. இங்கே ‘மாநிலம்’ என எழுதினால், மத்திய அரசும் நகராட்சியும் அக்கட்டுப்பாட்டிற்குப் புறம்பானவை போலத் தோன்றும். 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவோ, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதியளிக்க முயலுமாறு ஒவ்வொரு ‘ஸ்டேட்’டையும் பணிக்கிறது. இங்கே ‘அரசு’ எனப் பொதுப்பட எழுதினால், அம்முயற்சி எவருடைய கடமை என்பது மறைந்துவிடும். நம் குழந்தைகள் வாழும் மாநிலமே அதற்குப் பொறுப்பு.

எனவே, இவ்வுரிமைகளை நாடி விண்ணப்பம் எழுதுங்கால், பிரிவின் எண்ணோடு அங்கே அச்சொல்லுக்குரிய பொருளையும் தெளிந்து எழுதுதல் நலம். கேட்க வேண்டியவரிடம் கேட்பதற்கு அதுவே வழி.