மெடிகேர் திட்டத்தில் வழங்குநர் தரவுகளின் அந்தரங்கம்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத் தரவுகளின் அந்தரங்கம் என்றதும் நோயாளியே நினைவுக்கு வருகிறார். ஆயின், அமெரிக்கக் கூட்டரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவர்களும் மருத்துவக் கருவி வழங்குவோரும் தம் சொந்தத் தரவுகளை அரசிடம் ஒப்படைத்தே பதிவு பெறுகின்றனர். மோசடியைத் தடுக்கும் பொருட்டு, வழங்குநர், உரிமையாளர் ஆகியோரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கோர 1997ஆம் ஆண்டின் சமநிலை வரவுசெலவுச் சட்டம் வழிவகுத்தது. அவ்வெண்ணின் இரகசியத்தைக் காக்க மேற்கொண்ட நடவடிக்கைகள் குறித்து நாடாளுமன்றத்திற்கு முதலில் அறிக்கை அளிக்கவேண்டும் என்று அச்சட்டமே நிபந்தனையும் விதித்தது.

வருவாய்த் தரவின் வரலாறு வேறு. மருத்துவர்கள் மெடிகேரிலிருந்து பெறும் தொகையைப் பெயருடன் வெளியிடுவதற்கு, 1974ஆம் ஆண்டின் அந்தரங்கச் சட்டத்தின் அடிப்படையில், புளோரிடாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 1979இல் தடை விதித்திருந்தது. அதே நீதிமன்றம் 2013இல் அத்தடையை நீக்கியது. 2014 ஏப்ரலில் 8,80,000க்கும் மேற்பட்டோர் பெற்ற தொகைகள் வெளியிடப்பட்டன. தடைநீக்கத்திற்குத் தீர்ப்பு சுட்டிய காரணம் கருதத்தக்கது: இத்தகைய வெளியீட்டைத் தடுக்கும் ஆணை பிறப்பிக்க அந்தரங்கச் சட்டம் நீதிமன்றத்திற்கு அதிகாரம் தரவில்லை என்பதே அது. உரிமையை ஏட்டில் எழுதிய சட்டம் அதனைக் காக்கும் வழியை வகுக்கத் தவறின், அவ்வுரிமை நிலைப்பதில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.