கல்லூரிக்குள் நடக்கும் விளையாட்டுப் போட்டிகள்: தூத்துக்குடி வட்டாரம்

ஒரே கல்லூரியின் மாணவர்கள் துறை, வகுப்பு, விடுதி என்று அணி பிரிந்து தங்களுக்குள் ஆடும் போட்டிகளை உடற்கல்வித் துறையில் இன்ட்ராமியூரல் போட்டிகள் என்பார்கள். கல்லூரி அணியில் இடம் கிடைக்காத பெரும்பான்மை மாணவருக்காக ஏற்பட்டவை இவை. பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கவும் இவை கைகொடுக்கும். ஆனால் தேர்வையே நோக்கமாக வைத்து நடத்தினால், ஏற்கெனவே நன்றாக ஆடும் சிலரோடு கதை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகமும் 1913இல் இந்தப் போட்டிகளைத் தனிப் பொறுப்பாக்கின. மிச்சிகனில் 1919இல் பொறுப்பேற்ற எல்மர் மிட்செல் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இதற்கென்றே 1928இல் அங்கே தனிக் கட்டடம் எழுந்தது. தமிழ்நாட்டில் விளையாட்டை முறையான கல்வியாக்கியது, ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில், இல்ல மெய்வல்லுநர் போட்டி ஊரே கூடும் விழா. இல்லங்களை அலங்கரிப்பதிலும் அணிவகுப்பிலும் ஓடத் தெரியாத பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2024இல் வந்த ‘மகிழ் முற்றம்’ திட்டமும் மாணவரைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. பள்ளியில் குழுவாக ஆடிப் பழகி வரும் மாணவருக்குக் கல்லூரியிலும் அதன் தொடர்ச்சி கிடைக்க வேண்டும்.

தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி (1948), வ.உ.சிதம்பரம் கல்லூரி (1951), காமராஜ் கல்லூரி (1966), மீன்வளக் கல்லூரி (1977) ஆகியவை பழைய கல்லூரிகள். கலை அறிவியல் கல்லூரிகளில் துறைகள் பல, தினமும் வீட்டிலிருந்து வந்து போவோர் மிகுதி. மீன்வளக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஆண்டுக்கு ஓர் அணி என்று வைத்தால் ஆறே ஆட்டங்களில் லீக் முடிந்துவிடும். ஓரிடத்தில் எளிதாக நடக்கும் திட்டத்தை இன்னோர் இடத்தில் அப்படியே நடத்த முடியாது.

இந்தக் கரையில் போட்டி நடத்துபவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று ஓயாமல் வீசும். அந்த மாதங்களில் திறந்த வெளியில் இறகுப்பந்து ஆடவே முடியாது, பூப்பந்தும் தடுமாறும். கபடி, கோ-கோ, கால்பந்துக்குக் காற்று பொருட்டில்லை. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா, அடுத்து குலசேகரன்பட்டினம் தசரா, அதன்பின் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். தசராவுக்கு மாலை போட்டு வேடம் கட்டும் மாணவர் அந்த நாட்களில் ஆட வரமாட்டார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது மாவட்டமே தண்ணீரில் நின்றது. ஏப்ரலில் பருவத்தேர்வும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆக, நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான். பெரிய அணி ஆட்டங்களை அப்போது வைத்துக்கொண்டு, ஜூலை, ஆகஸ்டில் கபடி, கேரம், சதுரங்கம் நடத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்தது ஆட்ட நேரம். திருச்செந்தூர், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் போகும் மாணவருக்குப் பேருந்து தவறினால் வீடு சேர இருட்டிவிடும். மாலையில் வேலைக்குப் போய்ப் படிப்பவர்களும் உண்டு. நான்கு மணிக்கு ஆட்டம் வைத்துவிட்டு ‘பசங்களுக்கு ஆர்வமில்லை’ என்று சொல்வது நியாயமாகாது. மதிய இடைவேளையில் நிழலில் கேரமும் சதுரங்கமும், வாரம் ஒருநாள் கடைசிப் பாடவேளையில் களத்து ஆட்டங்களும் என்று முதல்வரிடம் கேட்டு வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மாணவியர் பங்கேற்பு பெரும்பாலும் நேரத்தையும் உடை மாற்றும் அறையையும் பொறுத்தது. இருபாலர் கல்லூரியில் மைதானத்தை அவர்களுக்கென்று தனி நாளில் ஒதுக்கினால் வரும் எண்ணிக்கை தானாகக் கூடும்.

அட்டவணை போடுவது எளிய கணக்கு. நாக்-அவுட் முறையில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை: 11 அணிக்கு 10 ஆட்டம், ஐந்து அணிக்கு முதல் சுற்றில் பை (ஆடாமலே அடுத்த சுற்று). நாள் மிச்சம்தான். ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்றவர் அதோடு வீட்டுக்குப் போகிறார். யாருக்காகப் போட்டி வைத்தோமோ அவரே முதலில் வெளியேறுகிறார். லீக் முறையில் 6 அணிக்கு 15 ஆட்டம், 11 அணிக்கு 55. அதற்கு நாள் கிடைக்காது. அணிகளை மூன்று அல்லது நான்கு அணி கொண்ட பிரிவுகளாக்கிச் சிறு லீக் நடத்தி, அதில் முதலிடம் பெறுபவர்களை நாக்-அவுட்டுக்கு அனுப்புவதே சிறந்தது. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் உறுதி.

விதிகளில் இரண்டை விட்டுக்கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழக அணியில் ஆடுபவர் தன் துறைக்காகத் தான் ஆடும் விளையாட்டில் இறங்கக் கூடாது. நடுவராகவோ பயிற்சியாளராகவோ இருக்கலாம். இல்லையென்றால் ஒரே ரைடர் மொத்தக் கபடியையும் முடித்துவிடுவார். இரண்டாவது, வாக்-ஓவர். ஆட்டத்துக்கு வராமல் விடுவதுதான் இந்தப் போட்டிகளைக் கொல்லும் நோய். வென்றால் மூன்று புள்ளி, வந்து ஆடித் தோற்றால் ஒன்று, வராவிட்டால் ஒன்று கழிவு என்று வைத்துப் பார்க்கலாம்.

கருவிச் செலவு பெரிதில்லை. கபடிக்குத் தளமும் சுண்ணாம்புக் கோடும் போதும். ஆண்களுக்குத் தளம் 13 × 10 மீட்டர், பெண்களுக்கு 12 × 8. கைப்பந்து வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. உப்புக்காற்று படும் கம்பங்களுக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசாவிட்டால் துரு அடியிலிருந்து தின்றுவிடும். முதலுதவிப் பெட்டி, குடிநீர் ஆகியவற்றோடு, இழுப்பு, வலிப்பு, இதயக் குறை உள்ளவர்களை முன்கூட்டியே கேட்டு எழுதிவைப்பதும் வேண்டும்.

இந்த மண்ணில் விளையாட்டு ஆர்வத்துக்குக் குறைவில்லை. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர் போன ஊர், காயல்பட்டினம் கால்பந்துக்கு. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற கணேசன் இம்மாவட்டத்து மணத்தி கிராமத்துக்காரர். ஊர்த்தெருவிலும் கடற்கரை மணலிலும் ஆடி வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் பார்வையாளர்களாக உட்கார்ந்துவிடுவது பெரிய இழப்பு.

உடற்கல்வி இயக்குநர்கள் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். கல்லூரி அணியில் ஒருபோதும் ஆடாத எத்தனை மாணவர் இந்த ஆண்டு களத்தில் இறங்கினார்கள் என்பதை அதில் குறிக்க வேண்டும். கல்லூரி ஆண்டறிக்கையில், வென்ற கோப்பைகளின் பட்டியலுக்கு மேலே அந்த எண்ணை அச்சிடுங்கள்.